கட்டிக் கொடுத்த பெண்ணுக்கு எந்த ஊரில் ஓட்டு?

அமெரிக்காவில் எந்த வருஷம் யாருக்கு ஓட்டு வந்தது, யார் கையிலிருந்து அதைப் பிடுங்கினார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மாமல்லபுரத்துக்கு வடக்கே, ஈ.சி.ஆர். சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற எங்கள் காலனியில் இது தெரிந்த ஒரே ஆள் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, பிழைப்பு அப்படி. செங்கல்பட்டில் பி.ஏ. வரலாறு படித்துவிட்டு, வரலாற்றை வைத்து ஒரு வேளை சோறுகூட வாங்க முடியாது என்று தெரிந்துகொண்டு, கடைசியில் மறைமலைநகரில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். அமெரிக்கக் கல்லூரிகளின் பாட வீடியோக்களுக்கு சப்டைட்டில் திருத்துகிற வேலை. மெஷின் முதலில் கேட்டுத் தட்டிவிடும். அது விட்டதையும் உளறியதையும் நான் வீட்டிலேயே உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வரி வரியாகச் சரிசெய்ய வேண்டும். ஒரு வரியை நாலு தடவை கேட்பேன். பாடம் எடுத்தவரே ஒரு தடவைதான் சொல்லியிருப்பார். அதனால் அவரைவிட எனக்கு ஞாபகம் அதிகம்.

போன வருஷம் வந்த பாடம், அமெரிக்காவில் ஓட்டுரிமை வந்த கதை. எடுத்தது வயதான ஒரு அம்மா. முகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை, எனக்கு வேண்டியது குரல்தான். கோபம் வந்தால் அந்தம்மாவுக்கு வேகம் குறைந்துவிடும். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பார். அந்த இடங்களில் மட்டும் மெஷினுக்குத் தப்பே வராது, எனக்கும் வேலை இருக்காது. ஆனாலும் நின்று கேட்பேன்.

முதல் நாலு வகுப்பு முழுக்க யாருக்கெல்லாம் ஓட்டு இல்லை என்கிற கதைதான். விடுதலை வாங்கியாயிற்று, எல்லா மனிதரும் சமம் என்று எழுதியும் வைத்தாயிற்று. ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் ஓட்டு, சொத்து வைத்திருக்கிற வெள்ளைக்கார ஆம்பளைக்கு மட்டும். நிலம் இல்லாதவனுக்குக் கிடையாது. அடிமைக்குப் பேச்சே கிடையாது. பொம்பளை யார் நினைப்பிலும் இல்லை. நியூ ஜெர்சி என்ற மாநிலத்தில் மட்டும் சட்டம் எழுதினவர்கள் ‘குடியிருக்கிற எல்லாரும்’ என்று எழுதிவிட்டார்கள். அதற்கும் ஐம்பது பவுண்டு சொத்து வேண்டும். கல்யாணம் ஆகாதவளும் புருஷன் செத்தவளும் அங்கே போய் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். கல்யாணம் ஆனவள் போட முடியாது, ஏனென்றால் அவள் உடுத்தியிருக்கிற துணிகூடச் சட்டப்படி புருஷனுடையது. கொஞ்ச வருஷம் பார்த்தார்கள், 1807-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். கொடுத்துப் பிடுங்கியிருக்கிறான்கள், பாருங்கள். கொடுக்காமலே இருந்திருந்தால்கூட இவ்வளவு வயிற்றெரிச்சல் வந்திருக்காது.

வயிற்றெரிச்சல்பட்டேனே தவிர, அடுத்தவன் வீட்டு இழவு மாதிரிதான் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கென்ன? எங்கள் நாட்டில் முதல் தேர்தலிலேயே காணி உள்ளவன், கூலிக்காரன், படித்தவள், கைநாட்டு எல்லாருக்கும் ஒரே நாளில் ஓட்டுக் கொடுத்தாயிற்று. அமெரிக்காக்காரனைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் இளக்காரம்கூட இருந்தது. அவனுக்கு அவ்வளவு வருஷம் ஆச்சே, பாவம் என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்கு முப்பத்திமூன்று வயது. திருக்கழுக்குன்றம் தாண்டி உள்ளே ஒரு ஊரில் கட்டிக் கொடுத்தார்கள். அவன் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவன். ஐந்து வருஷம் இருந்தேன், இரண்டாவது வருஷத்திலிருந்து அடி. ஒரு நாள், “காதுல மாட்டிகினு எவனோட பேசிகினு கீற?” என்று கேட்டு லேப்டாப்பைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினான். நான் பேசவில்லை, கேட்கிறேன் என்று எத்தனை தடவைதான் சொல்வது? பீரோ சாவி எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவன் லோடுக்குப் போயிருந்த பகல் நேரத்தில் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு, ஒரு பையில் துணியைத் திணித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். அதற்காக இன்றுவரை ஒரு நிமிஷம்கூட வருத்தப்பட்டதில்லை.

வந்தது அப்பா வீட்டுக்கு. அப்பாவுக்கு ஈ.சி.ஆரில் ஒரு ரிசார்ட்டில் தோட்ட வேலை. அம்மா இன்னொரு ஹோட்டலில் ரூம் துடைத்து, படுக்கை மாற்றுகிறவள். வந்த அன்று அம்மா ஒன்றும் கேட்காமல் சோறு போட்டாள். அப்பா, “எத்தினி நாளு?” என்று மட்டும் கேட்டார். நான் பையைக் கொண்டுபோய்ப் பின்னறையில் வைத்தேன்.

எங்கள் பக்கம் புருஷனை விட்டு வந்தவளுக்கு வாழாவெட்டி என்று பெயர். அந்தப் பெயர் என்மேல் விழாமல் இருக்க அப்பா ஒரு வழி வைத்திருந்தார். யார் கேட்டாலும், “பொண்ணு லீவுக்கு வந்துகீது” என்பார். பால்காரரிடம் சொன்னார், சர்ச் வாசலில் சொன்னார், ரேஷன் கடை வரிசையில் சொன்னார். ஒரு மாசம் சரி, ரெண்டு மாசம் சரி. ஒன்றரை வருஷ லீவு! கலெக்டருக்குக்கூட அவ்வளவு லீவு கிடையாது. கேட்கிறவர்களுக்கும் தெரியும், சொல்கிற அப்பாவுக்கும் தெரியும், ஆனாலும் யாரும் அதற்குமேல் கேட்க மாட்டார்கள். அது ஒரு மரியாதை. எனக்கு எரிச்சலாக இருந்தாலும், கிழவர் மனசு ஆறட்டும் என்று விட்டுவிட்டேன். நான் செய்த தப்பு அதுதான்.

வாக்காளர் பட்டியலை அடியிலிருந்து சரிபார்க்கிறோம் என்று வீடு வீடாக வந்தார்கள். எங்கள் பகுதிக்கு அந்த வேலை அங்கன்வாடி டீச்சருக்கு. காலனிப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு முட்டை உரித்துக் கொடுத்த கை. அவர் வாசலில் நின்று அப்பாவிடம் பேசியபோது நான் வீட்டில்தான் இருந்தேன். பின்னறையில், வாசலிலிருந்து பத்தடி தூரத்தில், ஹெட்போனோடு.

அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்த வகுப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தெற்கு மாநிலங்களில் கறுப்பர்களை ஓட்டுச் சாவடிப் பக்கம் வரவிடாமல் என்னென்ன செய்தார்கள் என்று அந்தம்மா மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக அடுக்கிக்கொண்டிருந்தார். நிறத்தைக் காரணம் காட்டி ஓட்டைத் தடுக்கக் கூடாது என்று 1870-லேயே சட்டத்தில் எழுதியாயிற்று. ‘சரி, நிறத்தைக் கேட்கவில்லை, ஓட்டுப் போட வரி கட்டு’ என்றார்கள். ‘இந்தச் சட்டப் பிரிவைப் படித்து அர்த்தம் சொல்லு’ என்றார்கள். உன் தாத்தா ஓட்டுப் போட்டவர் என்றால் உனக்குப் பரீட்சை வேண்டாம் என்றார்கள். அடிமையாகக் கிடந்த தாத்தா எங்கே போய் ஓட்டுப் போட்டிருப்பார்? இதையெல்லாம் நாலு தடவை ஓட்டிக் கேட்டு, வருஷங்கள் சரியாக வந்திருக்கிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் பத்தடிக்கு அந்தப் பக்கம் என் கதை முடிந்துகொண்டிருந்தது. டீச்சர் வந்து போனதே எனக்குத் தெரியாது.

வரைவுப் பட்டியல் வந்ததும் போனில் என் வாக்காளர் அட்டை எண்ணைப் போட்டுப் பார்த்தேன். பதிவு இல்லை என்றது. நீக்கப்பட்டவர்கள் பட்டியலில் தேடினேன். புருஷன் ஊர்ப் பட்டியலில் என் பெயர் இருந்தது, எதிரில் ‘நிரந்தரமாக இடம் மாறியவர்’. மாமியார் சொல்லியிருப்பாள், அம்மா வூட்டுக்குப் போயிட்டா என்று. அதில் எனக்குக் கோபமே வரவில்லை. உண்மையைத்தானே சொல்லியிருக்கிறாள்! கோபம் வந்தது எங்கள் தெருப் பட்டியலைத் திறந்தபோது. எங்கள் வீட்டு எண்ணில் அப்பா, அம்மா. அதற்கு அடுத்த வரியில் பக்கத்து வீடு தொடங்கிவிட்டது.

நேராக அங்கன்வாடிக்குப் போனேன்.

“எங்க வூட்டு லிஸ்ட்ல என் பேரு இன்னாத்துக்கு டீச்சர் இல்ல?”

“உங்கப்பாவாண்ட கேட்டனேம்மா! ‘பொண்ணு இங்கியே கீதே, புதுசா சேத்துக்கலாமா அண்ணாத்த’ன்னேன். ‘அது லீவுக்கு வந்துகீது, புருஷன் ஊர்லதான் ஓட்டு’ன்னாரு. சரி, அங்கியே ஃபாரம் குடுத்துக்குவன்னு வுட்டுட்டேன்.”

“நான் உள்ளதான் டீச்சர் இருந்தேன்.”

“எனக்கு எப்டி தெரியும் சொல்லு? கட்டிக் குடுத்த பொண்ணுன்னா அப்பாவத்தான் கேப்போம், இல்லன்னா புருஷன கேப்போம். பொண்ண கூப்புடு, நேர்ல கேக்குறேன்னு எந்த வூட்ல சொல்ல முடியும்?”

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவர் சொன்னது சரி, எந்த வீட்டிலும் அப்படித்தான். புருஷன் வீடு நான் இங்கே இருக்கிறேன் என்று சொன்னது, அப்பா வீடு அங்கே இருக்கிறேன் என்று சொன்னது. ரெண்டு வீட்டிலும் பொய் சொல்கிற எண்ணம் யாருக்கும் இல்லை. ரெண்டும் சேர்ந்து என்னை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டன. அமெரிக்காவில் இதற்குச் சட்டம் போட வேண்டியிருந்தது, வரி போட வேண்டியிருந்தது, பரீட்சை வைக்க வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் வாசலில் நின்று பேசிய ஒரு வாய்ப்பேச்சே போதுமாக இருந்தது.

அன்று சாயங்காலம் அப்பாவோடு சண்டை போட்டேன். தெரு ஜனம் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கிற மாதிரி சண்டை.

அதற்கு முன்னால் அப்பாவின் ஓட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். அப்பா வாலிபத்தில் உள்நாட்டு ஊர் ஒன்றில் அடுத்தவர் நிலத்தில் நாற்றுப் பிடுங்கிக்கொண்டிருந்தவர். ஓட்டுச் சாவடி மேல்தெருப் பள்ளியில். சட்டை போட்டுக்கொண்டு போனவரிடம், ‘உன் ஓட்டுப் போட்டாச்சு, வூட்டுக்குப் போ’ என்றிருக்கிறார்கள். காலனிக்காரன் ஓட்டை மேல்தெருக்காரன் போட்டுவிடுவது அந்த ஊரில் வழக்கம். மற்றவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். அப்பா மட்டும் சாவடி நடுவில் தரையில் உட்கார்ந்துகொண்டார். ‘என் ஓட்ட நான் போடாம எழுந்திருக்க மாட்டேன்.’ மிரட்டினார்கள், இழுத்தார்கள், சட்டை கிழிந்தது. கடைசியில் அதிகாரி தனியாக ஒரு சீட்டுக் கொடுத்து, முத்திரை குத்தச் சொல்லி, உறையில் போட்டு வைத்தார். அந்த மாதிரிச் சீட்டை எண்ணுவதில்லை என்று பிற்பாடு யாரோ சொன்னார்களாம். “எண்ணட்டும், எண்ணாம போவட்டும். நான் போட்டேன்” என்பார். கிறிஸ்துமஸ், கல்யாணம், கருமாதி, எதில் நாலு பேர் கூடினாலும் இந்தக் கதை உண்டு. சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். அந்த ஆள்மேல் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. அதனால்தான் அவ்வளவு கொதித்தது.

“நைனா, அன்னிக்கு உன் ஓட்ட எவனோ போட்டான்னு தரையில குந்திகினியே. இன்னிக்கு என் ஓட்ட எடுத்தது எவன் தெரியுமா? நீதான்.”

“நான் எங்கடி எடுத்தேன்? உனுக்கு அங்க கீதுன்னு சொன்னேன்.”

“அங்க இல்லன்னு அவங்க எழுதிக் குடுத்துட்டாங்க.”

“அப்ப அங்க போயி இரு. இருந்தா எழுதப் போறாங்க.”

“இருந்தா அடிப்பான்.”

“அடிக்காத புருஷன் எவன்டி கீறான்? உங்கம்மாவ நான் அடிக்கலியா?”

அம்மா உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவுகிற சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் கேட்டது.

“ஒத்த ஓட்டு. அத்த போட்டு இன்னா கிழிக்கப் போற?” என்றார் அப்பா.

“உன்னுத ஒத்த ஓட்டுதானே? அதுக்கு இன்னாத்துக்கு சட்டைய கிழிச்சிகின?”

தெருவில் யாரோ சிரித்தார்கள். அப்பா முகம் கறுத்துவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்று சொன்னார், அதுதான் உண்மையான காரணம். “லீவுன்னு வாயால சொல்றது காத்தோட போயிடும்மே. நாளிக்கே நீ போவலாம், வரலாம். லிஸ்ட்ல இந்த வூடுன்னு வந்துடுச்சின்னா அதோட முடிஞ்சிச்சி. ஊரே பாக்கும். அப்பறம் அவங்களாண்ட பேச இன்னா கீது?”

ஆக, ஓட்டு ஒரு சாக்குத்தான். நான் இந்த வீட்டுக்காரியா, இல்லை யாராவது வந்து தூக்கிக்கொண்டு போகிறவரை வாசலில் இறக்கி வைத்த சாமானா, இதுதான் கேள்வி. அப்பா அதை எழுத்தில் வரவிடமாட்டார். எனக்கோ எழுத்தில்தான் வேண்டும். அன்றிலிருந்து நாங்கள் ரெண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் வந்த வகுப்பைக் கேட்டபோது வேலையை நிறுத்திவிட்டு எழுந்து நடந்தேன். 1907-இல் அமெரிக்காவில் ஒரு சட்டம். அந்நிய நாட்டானைக் கட்டிக்கொண்ட அமெரிக்கப் பெண், கட்டிக்கொண்ட அன்றைக்கே அமெரிக்கப் பிரஜை இல்லை. ஆம்பளை யாரைக் கட்டினாலும் அவனுக்கு ஒன்றும் ஆகாது. கலிபோர்னியாவில் ஒரு பெண், அங்கேயே பிறந்து வளர்ந்தவள். பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்று தெருவில் இறங்கி வேலை செய்தவளாம். 1911-இல் அந்த மாநிலத்தில் பெண்களுக்கு ஓட்டு வந்தது. ஆசையாகப் பெயர் பதியப் போனாள். ‘உன் புருஷன் இங்கிலாந்துக்காரன், நீ எங்கள் ஆளே இல்லை’ என்று திருப்பி அனுப்பினார்கள். அவள் ஒரு நாளும் ஊரைவிட்டுப் போகவில்லை. உச்ச நீதிமன்றம்வரை போய் வழக்காடினாள். அங்கேயும், தெரிந்துதானே கட்டிக்கொண்டாய் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அடப்பாவிகளா! இருந்த இடத்தில் இருந்தவளை ஒரு கல்யாணத்தால் இல்லாதவளாக்கியிருக்கிறார்கள்.

அதே வகுப்பில் இன்னொன்றும் வந்தது. உட்டா மாநிலத்தில் அந்த மண்ணின் பூர்வகுடிகளை ஓட்டுப் போடவிடவில்லை. சொன்ன காரணம் என்ன தெரியுமா? அவர்களுக்கென்று ஒதுக்கிய நிலத்தில் இருக்கிறார்கள், அதனால் அவர்கள் அந்த மாநிலத்தில் ‘குடியிருப்பவர்கள்’ இல்லை. 1957 வரைக்கும்! அவர்கள் அப்பன், பாட்டன், முப்பாட்டன் எல்லாம் அந்த மண்ணில்தான் கிடக்கிறான். அவர்களுக்கு அங்கே குடியிருப்பு இல்லையாம். அந்தம்மா இந்த இடத்தில் குரலை மிகவும் மெதுவாக்கிக்கொண்டார். நான் திருத்த ஒன்றும் இல்லாத அந்த வரிகளை நாலு தடவைக்குமேல் கேட்டேன்.

பெயர் சேர்க்கிற ஃபாரம், பதினெட்டு வயதுப் பிள்ளைகள் நிரப்புகிற அதே ஃபாரம். முப்பத்திமூன்று வயதில் நிரப்பினேன். அதோடு ஒரு உறுதிமொழி. பழைய காலத்துப் பட்டியல் ஒன்றில் என் பெயர் இருந்ததா, இல்லையென்றால் பெற்றவர்கள் பெயர் எந்த வரிசையில் இருந்தது என்று காட்ட வேண்டும். புருஷன் பெயர், மாமியார் பெயர் செல்லாது. பெற்றவர்கள் பெயர்தான் வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊர் என்னைக் கட்டிக் கொடுத்தாச்சு, அப்பனுக்குச் சொந்தமில்லை என்கிறது. ஃபாரமோ கட்டிக் கொடுத்தாலும் அப்பன் ஆத்தா பெயரைக் கொண்டா என்கிறது. ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் நான் என்னதான் செய்வது? ஸ்கேன் பண்ணிப் போட்டிருந்த பழைய பட்டியலில், எழுத்து மங்கலாக, அம்மா பெயர் கிடைத்தது. அவள் வரிசை எண்ணையே எழுதினேன். உறவினர் பெயர் என்று கேட்ட இடத்திலும் தாய் என்று அவள் பெயரையே போட்டேன். கேட்காமல்தான் போட்டேன்.

ஆதாரில் இன்னும் புருஷன் ஊர் விலாசம். ரேஷன் கார்டிலும் அதுதான். கம்பெனிக் கடிதம் ஒன்றுதான் என்னிடம் இருந்தது.

“இது பத்தாதும்மா,” என்றார் டீச்சர். “நான் வூட்டுக்கே வந்து பாக்கணும். உங்க வூட்ல கேப்பேன், பக்கத்துல கேப்பேன். இல்லன்னு சொல்லிட்டாங்கன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. கடைசி தேதி வேற வந்துகினே கீது. ஞாயித்துக்கெழமை வரேன்.”

அதே ஞாயிற்றுக்கிழமைக்கு அப்பா புருஷன் வீட்டாரைப் பேச வரச்சொல்லியிருந்தார். என்னிடம்தான் பேச்சு இல்லையே, எனக்கு எப்படித் தெரியும்? சர்ச் முடிந்து வந்து பார்க்கிறேன், வாசலில் வேப்பமர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலிகள். அவன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவனுடைய பெரியப்பா, ஊரில் நாலு பஞ்சாயத்துப் பேசுகிற ஆள். தெருமுனையில் குட்டியானை நின்றது. என்னை ஏற்றிக்கொண்டு போக லோடு வண்டி! நான் என்ன சிமெண்டு மூட்டையா?

நான் வாசல்படியிலேயே நின்றேன். என்னை வைத்துக்கொண்டே நான் இல்லாத மாதிரி பேசினார்கள்.

“போனது போவட்டும் சம்பந்தி,” என்றார் பெரியப்பா. “ஆம்பள பையன், கோவத்துல கைய நீட்டிட்டான். இனிமே நடக்காது, நான் பொறுப்பு. வண்டியும் கொண்டாந்துகீறோம். இன்னிக்கே அனுப்பி வையுங்க.”

அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கைகளைக் கட்டிக்கொண்டு, “ஆவட்டும்” என்கிற மாதிரி தலையை ஆட்டத் தொடங்கினார்.  அப்போதுதான் டீச்சரின் ஸ்கூட்டி வந்து நின்றது.

டீச்சர் கூட்டத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். “பேசிகினு கீறீங்க போல. நான் அப்பறமா வரேன் அண்ணாத்த” என்று வண்டியைத் திருப்பினார்.

“வேணாம் டீச்சர்,” என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. “இப்பவே கேளுங்க. கேக்க வேண்டியவங்க எல்லாரும் இங்கதான் கீறாங்க.”

டீச்சர் என்னைப் பார்த்தார். பிறகு இறங்கி, பையிலிருந்து என் ஃபாரத்தை எடுத்தார். அப்பாவிடம் கேட்டார்: “இந்தப் பொண்ணு இந்த வூட்லதான் குடியிருக்குதா அண்ணாத்த?”

பெரியப்பா குறுக்கே விழுந்தார். “அது எங்க வூட்டுப் பொண்ணும்மா. இன்னிக்கே கூட்டிகினு போறோம். நீ ஒண்ணும் எழுதாத.”

“உங்க வூட்டுப் பொண்ணா?” டீச்சர் போனை எடுத்துத் தட்டினார். “உங்க ஊர் லிஸ்ட்ட பாருங்க சார். அங்க இல்லன்னு நீங்களே சொல்லி, பேர அடிச்சிகீறாங்க. இல்லாத பொண்ண எப்டி கூட்டிகினு போவீங்க?”

அவன் எட்டிப் பார்த்தான். “அம்மா இன்னாவோ சொல்லிச்சி போல” என்று முனகினான். ஐந்து வருஷம் என்னோடு இருந்தவன் எனக்காகச் சொன்ன வார்த்தை அவ்வளவுதான். பெரியப்பா அவனை முறைத்தார்.

டீச்சர் திரும்பவும் அப்பாவைக் கேட்டார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்து வீட்டு ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன. அவர் ஒரு வார்த்தை, இல்லை என்று சொன்னால் போதும், நான் வண்டியில் ஏறாவிட்டாலும் ஏறினது மாதிரிதான். லீவு என்று சொன்னாலும் அதே கதிதான். அவர் ரெண்டையும் சொல்லவில்லை. கையை உதறினார்.

“என்ன இன்னாத்துக்கு கேக்குற? அதோ நிக்கிறாளே, அவளையே கேளு.”

கோபத்தில் சொன்னாரா, விட்டுக்கொடுத்துச் சொன்னாரா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் நான் போகவில்லை. எனக்கு அது போதும்.

“இந்த வூட்லதான் கீறேன் டீச்சர்,” என்றேன். “ஒண்ணர வருஷமா இங்கதான் துன்றேன், இங்கதான் தூங்குறேன், இங்கதான் வேலை செய்யறேன். இதான் என் வூடு. வேற வூடு எனக்கு இல்ல. எழுதிக்குங்க.”

டீச்சர் எழுதினார். வீட்டில் ஒருத்தர் கையெழுத்து வேண்டும் என்றார். அப்பா அசையவில்லை. அம்மா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அப்பா முகத்தைப் பார்க்காமல், “எங்க போடணும்?” என்று கேட்டாள். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, ஸ்கூட்டி சீட்டின்மேல் ஃபாரத்தை வைத்துப் போட்டாள். நானும் போட்டேன். “பேரு வந்துரும்மா” என்று சொல்லிவிட்டு டீச்சர் அடுத்த தெருவுக்குக் கிளம்பிவிட்டார்.

பெரியப்பா டீயைத் தொடவில்லை. “எழுதி வெச்சிக்கினீங்க இல்ல, நல்லா வெச்சிக்குங்க” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அவன் பின்னாலேயே போனான். குட்டியானை காலியாக, தடதடவென்று மெயின் ரோட்டுப் பக்கம் திரும்பியது. ஜன்னல்களில் இருந்த தலைகளும் உள்ளே போய்விட்டன. அப்பா நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். அடுக்கிவிட்டு, பல நாள் கழித்து முதல் தடவையாக என்னிடம் பேசினார்.

“எழுதிட்ட. ஊரே பாத்துடுச்சி. வந்தவங்களும் போயிட்டாங்க. இனிமே எங்கடி போவ?”

“எங்கியும் போவ மாட்டேன் நைனா. அத்தத்தான் எழுதிக் குடுத்தேன்.”